கீழக்கரையில் குளூட்டன் இல்லாத சாமான் கட்டுப்படியான விலையில் கிடைக்குமா?

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியாச்சு. பிள்ளைக்கு செலியாக் நோய், அதாவது கோதுமை, பார்லி மாதிரி தானியத்தில் இருக்கும் குளூட்டன்ங்கிற புரதம் குடலைப் பாதிக்கும். அங்கே வாங்கிய பிரெட், பாஸ்தா எல்லாம் இங்கே ஆன்லைனில் யானை விலை. பக்கத்துக் கடையில் எதை நம்பி வாங்கலாம்?

பதில் 1:
அந்த பாக்கெட்டுகளை விடுங்க. அரிசி, கேழ்வரகு, கம்பு, உளுந்து எதிலுமே குளூட்டன் கிடையாது. ஆபத்து மாவு மில்லில்தான். முன்னால் கோதுமை அரைத்திருந்தால் மெஷினில் ஒட்டியிருப்பது உங்க மாவில் கலந்துடும். மிளகாய், மல்லிக்கும் இதே கதைதான். முழுசா வாங்கி, பொறுக்கி, கழுவிக் காயவெச்சு வீட்டு மிக்ஸியிலேயே அரைங்க.

பதில் 2:
பெருங்காயத்தை மறந்துடாதீங்க! கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பாங்க. சோயா சாஸும் அப்படித்தான். ஓட்ஸ் வாங்கினா 'குளூட்டன் இல்லாதது'ன்னு அச்சிட்டதை மட்டும் எடுங்க. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அப்படிப் போடக்கூடாது. ஹோட்டல் தோசை வேண்டாம், பரோட்டா போட்ட கல்லிலேயே ஊத்துவாங்க.

பதில் 3:
ரொட்டிக்கு: அரிசி மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 50. மெடிக்கலில் கிடைக்கும் இசப்கோல் உமி 10 கிராமை 200 மில்லி வெந்நீரில் 10 நிமிஷம் ஊறவெச்சு, கொழகொழன்னு ஆனதும் மாவில் சேர்த்துப் பிசைங்க. உமி இல்லாட்டி பிடிமானம் இருக்காது, திருப்பும்போதே விண்டுடும்.