7.5% ஒதுக்கீடு: எமிஸில் ஆறாம் வகுப்பு தப்பா ஏறியிருக்கு

அக்கா பொண்ணு நீட் எழுதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். விண்ணப்பிக்கிறா. இங்கே நேர்காணல் எல்லாம் கிடையாது, நீட் மதிப்பெண்ணும் சான்றிதழும்தான். அந்தச் சான்றிதழ்தான் இடிக்குது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். அவ எட்டு வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, அப்புறம் அரசு மேல்நிலைப் பள்ளி. ஊர், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். ஆனா எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவு) ஆறாம் வகுப்புக்கு மட்டும் பக்கத்துத் தெரு உதவிபெறும் பள்ளி பேர் இருக்கு. உதவிபெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் வராது. அந்த ஒத்தை வரியால மொத்தமும் போயிடும்.

நடுநிலைப் பள்ளி சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தோம். ஒண்ணாவதில் சேர்ந்தது, எட்டு முடிச்சு டிசி வாங்கினது ரெண்டும் ஒரே வரியில், தலைமை ஆசிரியர் கையெழுத்தோட இருக்கு. சான்று தர அவர் தயார். எமிஸோட ஒத்துப்போகலைன்னா சரிபார்ப்பில் நிறுத்திடுவாங்களோன்னு அவருக்கே பயம். மேல்நிலைப் பள்ளியில் இருந்து பழைய டிசி நகலும் வாங்கியாச்சு. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தோம். பழைய வருஷத்தைத் திருத்த அவங்க லாகினில் வழி இல்லையாம். மாவட்ட அலுவலகம் திரும்பப் பள்ளிக்கே அனுப்புது (பந்து விளையாட்டுதான்). கல்வி உதவி எண் 14417-க்கும் பேசியாச்சு, பதில் இல்லை. விண்ணப்பம் முடிய சில நாள்தான் இருக்கு.

எமிஸ் திருத்தாமலே, பதிவேட்டு நகல், டிசி, தலைமை ஆசிரியர் சான்று மட்டும் வச்சு 7.5% தரவரிசைப் பட்டியலில் இடம் கிடைச்சவங்க யாராவது இருக்கீங்களா?