மாணவர் படையும் ஏ.ஐ.யும்: பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, அரூர் அனுபவங்கள்

பென்னாகரம் பக்கம்:

எங்கள் ஊரில் ஞாயிறு காலை பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்கு அணிவகுப்பு, முதலுதவி, ஓட்டம் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். இது என்.சி.சி. இல்லை. என்.சி.சி. இல்லாத பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளுக்காக ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துவது. யாருக்கும் சம்பளம் கிடையாது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், நர்ஸ் அக்கா ஒருவர், நான், கல்லூரியில் படிக்கிற சில தம்பி தங்கைகள், அவ்வளவுதான். எழுத்து வேலை முழுக்க என் பொறுப்பு. அதற்குத்தான் சாட்ஜிபிடியை வைத்துக்கொண்டேன்.

அந்த வேலையில் அது கெட்டிதான். மைதானம் கேட்டு தலைமை ஆசிரியருக்குக் கடிதம், பெற்றோர் ஒப்புதல் படிவம், முகாமில் யாருக்கு எந்த நேரம் எந்த வேலை என்ற அட்டவணை என்று எல்லாம் சட்டென்று வந்துவிடுகிறது. முன்பு ராத்திரி உட்கார்ந்து எழுதுவேன். இப்போது அந்த நேரத்தில் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் பேச முடிகிறது.

ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். போன முகாமுக்கு முன்னால் பாதுகாப்புக் குறிப்பு ஒன்று தயார் செய்யச் சொன்னேன். வெயில், காயம், கொசு என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. குடிநீர் என்ற இடத்தில் மட்டும் ‘போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீராக இருந்தால் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் கொடுக்கவும்’ என்று இருந்தது. படித்துப் பார்த்த நர்ஸ் அக்கா அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, “கொதிக்க வைத்தால் கிருமி சாகும் தம்பி. ஃபுளோரைடு எங்கே போகும்? தண்ணீர் வற்ற வற்ற மிச்சத்தில் அது இன்னும் கூடத்தான் செய்யும்” என்றார்.

நம் தர்மபுரி மாவட்டத்தில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். இதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பல்லில் பழுப்புக் கோடு விழுந்த பிள்ளைகள் எங்கள் அணியிலேயே இருக்கிறார்கள். மூட்டு மடங்காமல் நடக்கிற தாத்தாக்களும் தெருவுக்குத் தெரு உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் ஃபுளோரைடு இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டதே இந்தப் பிரச்சினைக்காகத்தான்.

அப்புறம் “தர்மபுரி மாவட்டம், போர் தண்ணீர், ஃபுளோரைடு அதிகம்” என்று சொல்லி மறுபடி கேட்டுப் பார்த்தேன். கொதிக்க வைப்பது பயன்படாது, ஆர்.ஓ. சுத்திகரிப்பு அல்லது வேறு நீர் ஆதாரம் வேண்டும் என்று சரியாகவே சொன்னது. ஆக, அதற்குத் தெரியாமல் இல்லை. நாம் கேட்டால்தான் சொல்கிறது. எதைக் கேட்க வேண்டும் என்பதோ ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவருக்குத்தான் தெரியும். முகாமில் குடிக்க, சமைக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர், கைகால் கழுவ மட்டும் போர் தண்ணீர் என்று முடிவு செய்தோம். அன்றிலிருந்து ஏ.ஐ. எழுதிய எந்தத் தாளும், அந்த விஷயம் தெரிந்த ஒருவர் படித்துக் கையெழுத்துப் போடாமல் பிள்ளைகள் கைக்குப் போவதில்லை.

இன்னொன்று. பிள்ளைகளின் பெயர், ரத்த வகை, யாருக்கு வீசிங் இருக்கிறது என்பதெல்லாம் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது. பட்டியலைப் போட்டுக் கொடுத்தால் அழகாகப் பிரித்துத் தரும் என்று ஒரு தம்பி சொன்னான். வேண்டாம் என்றோம். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் எல்லாம் குழந்தைதான். அவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நம்மை நம்பி அந்தத் தாய் சொன்ன விஷயம் அது.

தேன்கனிக்கோட்டை பக்கம்:

எங்களுக்கும் இதே மாதிரிதான். பிள்ளைகளை நடைப்பயணம் கூட்டிப்போகத் திட்டம் கேட்டோம். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி காட்டோரமாக நடந்தால் சூரிய உதயம் பார்க்கலாம் என்று போட்டுக் கொடுத்தது. ராகி அறுவடை சமயம் அது. பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்குகிற மாதங்கள். ராத்திரி முழுக்க பரண் மேல் காவல் இருந்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர் திட்டத்தைக் கேட்டதும், “யானை வயலை விட்டுக் காட்டுக்குத் திரும்புற நேரமே அதுதான் கண்ணு” என்றார். வனத்துறையில் விசாரித்து, வெயில் ஏறிய பிறகு ஊர்ச் சாலை வழியாகவே நடந்தோம்.

நல்லதையும் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான் பேச்சு. ஒப்புதல் படிவத்தை மூன்று மொழியிலும் கொடுக்க முடிந்தது பெரிய உதவி. விவரம் புரிந்து பெற்றோர் கையெழுத்துப் போட்டதை அப்போதுதான் பார்த்தேன்.

அரூர் பக்கம்:

இங்கே பையன்களுக்கு ராணுவம், போலீஸ் என்றால் உயிர். பயிற்சிக்கு வருகிற ஒருவன் ராணுவ வேலை பற்றி போனிலேயே ஏ.ஐ.யிடம் கேட்டிருக்கிறான். 2022-ல் அக்னிபத் திட்டம் வருவதற்கு முன்பிருந்த விதியையும் இப்போதைய விதியையும் கலந்து ஒரு பதில் வந்திருக்கிறது. பென்ஷனோடு நிரந்தர வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டான். அந்தத் திட்டத்தில் சேருகிற அக்னிவீரருக்கு 4 ஆண்டு பணி, அதில் 25 சதவீதம் பேர் வரைதான் தொடர முடியும் என்று நான் போய்ச் சொன்னபோது அவன் அப்பா ரொம்ப நேரம் பேசவே இல்லை. ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா, ராணுவத்துக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்கிற வீடு அது. வேலை விஷயம் எதுவானாலும் அந்தந்த ஆண்டு அறிவிப்பைத் திறந்து வைத்துப் பிள்ளைகளோடு வரிவரியாகப் படியுங்கள். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

பென்னாகரம் பக்கம்:

அரூர் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஏ.ஐ. சொன்னது சரியாகவும் எங்கள் ஆட்கள் சொன்னது தவறாகவும் இருந்த ஒரு சமயமும் உண்டு. பாம்புக்கடி முதலுதவியில் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்ட வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, அசையாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அது எழுதியிருந்தது. நர்ஸ் அக்காவும் அதையேதான் சொன்னார். அக்கா சொன்ன பிறகுதான் பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

தேன்கனிக்கோட்டை பக்கம்:

அந்தத் தாளை எங்களுக்கும் அனுப்புங்கள் அண்ணா. எங்கள் பக்கம் கட்டுவிரியன் அதிகம்.

பென்னாகரம் பக்கம்:

இன்று அனுப்புகிறேன். 108 எண் அதில் இருக்கிறது. விஷமுறிவு மருந்து பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கும் என்ற வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதை ஏ.ஐ.யிடம் கேட்காமல், நேரில் போய் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.