மறு: மறு: வளைவுல பின்பக்கம் அலையுறதுக்கு ஒரு சொல் வேணும் (வெள்ளிக்குள்ள)

ம.செ., ஓசூர்:
குழுவுக்கு வணக்கம். பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் பசங்களுக்கு கோளாறு கண்டுபிடிக்கிற கையேடு ஒண்ணு தமிழ்ல போடுறோம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், ஒரே ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டு நிக்குது. ஸ்போர்ட்ஸ் பைக் வேகமா வளைவுல சாஞ்சு போறப்ப பின்பக்கம் நொடிக்கு 2, 3 தடவை இடமும் வலமுமா அலையும், வண்டியே அதோட சேந்து சாஞ்சு சாஞ்சு நிமிரும், இதுக்கு வீவ்னு பேரு. ஹேண்டில் மட்டும் படபடன்னு நொடிக்கு 6லேந்து 10 தடவை அடிச்சா அது வாபிள். 1971லயே ராபின் ஷார்ப் ரெண்டையும் கணக்குப் போட்டு வேற வேறன்னு பிரிச்சுக் காட்டிட்டார். நம்ம பட்டறைல ரெண்டுமே "வாப்ளிங்" தான். பேர் ஒண்ணுங்கறதால வைத்தியமும் ஒண்ணாயிடுது, கஸ்டமர் வாப்ளிங்னு வாயத் தொறந்ததும் கோன் செட்ட (ஹேண்டில் திரும்புற பேரிங்) இறுக்கிடறாங்க. அளவுக்கு மேல இறுக்கினா ஹேண்டில் தானா நேராக முடியாம வண்டி இன்னும் அலையும். அதனால ரெண்டு தனிச் சொல் வேணும், பசங்க வாயில நுழையணும். "நெளிவு"ன்னு இப்போதைக்கு எழுதி வெச்சிருக்கேன், சரியா?

புலவர் ந.:
அன்புடையீர், நெளிவு எளிய சொல், ஆனா ஆழம் போதாது. தொல்காப்பியம் உரியியல்ல அலமரல், தெருமரல்னு ரெண்டு அருமையான சொல் கிடக்கு, இப்ப யாரும் தொடாம. வண்டி வளைவுல மனசு அலமந்து போற மாதிரி போகுதுன்னா அது அலமரல் தானே. முன்பக்க நடுக்கத்துக்கு விதிர்ப்பு. அதுவும் அதே உரியியல்தான், அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம்னு அங்கயே இருக்கு. கையில இருக்கறத விட்டுட்டு எதுக்கு புதுசா பண்ணணும்?

இயற்பியல் வா., மதுரை:
ஐயா, அதே நூற்பா அலமரல் தெருமரல் ரெண்டுக்கும் சுழற்சின்னு பொருள் சொல்லுதே. சுழற்சின்னு சொன்னா என் வகுப்புல பசங்க வீல் சுத்துறதைத்தான் நெனைப்பாங்க. நமக்கு வேண்டியது போய்ப் போய்த் திரும்புற அசைவு, அதுக்குப் பாடப்புத்தகத்துல அலைவுன்னு ஏற்கனவே இருக்கு. ஒண்ணு மட்டும் கவனிங்க, நேரா போறப்ப ஷாக் மேலயும் கீழயும்தான் வேலை செய்யுது, அது வேற, வண்டி பக்கவாட்டுல திரும்புறது வேற. சாஞ்சுட்டா ஷாக்கோட மேல் கீழ் அசைவே பாதி பக்கவாட்டா மாறி அலைவோட கலந்துடுது. நேர் ரோட்டுல கல்லு மாதிரி நிக்கிற வண்டி வளைவுல மட்டும் அலையுறதுக்குக் காரணம் பல நேரம் இதுதான். சொல்லுல இந்தக் கலப்பு தெரிஞ்சா நல்லா இருக்கும், தெரியலேன்னாலும் பரவால்ல.

நல்லூரான்:
நாங்கள் யாழ்ப்பாணத்தில தளம்பல் எண்டு சொல்லுவம். வாளித் தண்ணி தளம்பும், படகு தளம்பும், வானிலை அறிக்கையிலயும் தளம்பல் நிலை எண்டு வரும். ஒருக்கா ஒரு பக்கம், ஒருக்கா மற்றப் பக்கம், உள்ளுக்க இருக்கிறதெல்லாம் சேர்ந்து போறது. உங்கட வீவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது எண்டுதான் நினைக்கிறன். ரயர் காத்துக் குறைஞ்ச வண்டிய எங்கட ஆக்கள் தளம்புது எண்டுதான் சொல்லுவினம்.

கோவை பட்டறை:
எல்லாருக்கும் வணக்கமுங்க, நான் படிச்ச ஆள் இல்லீங்க, செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்குல வண்டி செட் பண்ணிக் குடுக்கறவன். டீச்சரம்மா, நெளிவுன்னு மட்டும் போட்ராதீங்க. எங்க தொழில்ல "ரிம் நெளிஞ்சிருச்சு"ன்னா குழில விழுந்து கோணிப்போச்சுன்னு அர்த்தம், நீங்க வளைவுல நெளிவுன்னு எழுதினா பையன் மொதல்ல ரிம்ம கழட்டி டயல் கேஜ் வெப்பான், அடுத்தது பின் வீலத் தாங்கற ஸ்விங் ஆர்ம பெண்டு எடுக்க அனுப்பிருவான், ஷாக்க கடைசி வரைக்கும் பாக்கவே மாட்டான்.

கையேட்டுல வரிசை என்ன எழுதியிருக்கீங்கன்னு தெரியல, நான் பாக்கறது இப்படிங்க. மொதல்ல காத்து, வண்டி ஓட்றதுக்கு முன்னாடி, குளிர்ந்திருக்கும்போது. யமஹா ஆர்6 மாதிரி வண்டிக்கு ரோட்டுக்கு கம்பெனி சொல்றது முன்ன 36 பின்ன 42 பிஎஸ்ஐ, அது பின்ன முப்பதுக்கு வந்திருந்தா மத்த எதையும் தொடவே வேண்டாம். அப்புறம் டயர் நடுவுல தேஞ்சு தட்டையாயிருச்சான்னு, சைடுல நாலு நம்பர் தேதியும், 2319னா 2019ல 23வது வாரம். அதுக்கப்புறம் பின் ஸ்டாண்டுல தூக்கி வீல மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டணும், வீல் பேரிங் தெரிஞ்சிரும், ஸ்விங் ஆர்ம பக்கவாட்டுல தள்ளணும், லேசா டிக்குனு ஒரு ப்ளே கெடச்சாலே புஷ்ஷோ பேரிங்கோ போச்சுன்னு அர்த்தம். ஷாக்கையும் ஸ்விங் ஆர்மையும் சேக்கற லிங்கேஜ் பேரிங்க எவனும் கிரீஸ் போட மாட்டான், அதையும். வீல் ரெண்டும் ஒரே கோட்டுல நிக்குதா, செயின் அட்ஜஸ்டர் மார்க் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குதான்னு.

இத்தனையும் சரியா இருந்தாத்தான் ஷாக்குக்கு போகணும். ஆள் உக்காந்தா பின்ன ஒரு 30லேந்து 40 மில்லிமீட்டர் எறங்கணும், அதுக்கு மேல எறங்கினா முன்ன வெயிட்டு கொறஞ்சு வண்டி வளைவ விட்டு வெளிய போகும். அமுங்கின ஷாக் திரும்பி எழும்பற வேகத்த அடக்கற ரீபவுண்டு ஸ்க்ரூவ முழுசா மூடி அங்கேருந்து கிளிக் எண்ணி எழுதி வெச்சுக்கோணும், அப்புறம் ரெண்டு கிளிக்கா மாத்தி ஓட்டிப் பாக்கோணும். ரீபவுண்டு பத்தலேன்னா த்ராட்டில் குடுத்து வெளிய வர்றப்ப பின்ன பம்ப் அடிக்கும். மொத நாலு சுத்து நல்லா இருந்து அப்புறம் அலைஞ்சுதுன்னா ஸ்க்ரூவத் திருகிப் பிரயோசனம் இல்லீங்க, ஆயில் சூடாகி டேம்பிங், அதாவது ஷாக்கோட ஆட்டத்த அடக்கற சக்தி, விட்டுப்போச்சு, ஷாக்கப் பிரிச்சு ஆயிலும் கேஸும் மாத்தோணும்.

பேர் எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நாங்க சொல்றது "பின்னாடி அலையுது".

புலவர் ந.:
பட்டறையார் சொன்ன செய்தி மிக நன்று. ஆனா காத்து இல்லை, காற்றழுத்தம்னு கையேட்டுல வரணும். நிற்க. ஆங்கிலச் சொல்லே நெசவுதானே, அப்ப நெய் என்னும் வேரைப் பிடிக்கலாம். நெய், நெகிழ், நெளி எல்லாம் ஒரே வேர்க்கூட்டம்னு எனக்குத் தோணுது, நெகிழுக்கு ஞெகிழ்னும் ஒரு வடிவம் உண்டு, ஞெ முந்தியா நெ முந்தியாங்கறது தனிக்கதை, அதை இன்னொரு மடல்ல விரிவா எழுதறேன். ஊடும் பாவுமா போறதால "ஊடாட்டம்"னும் சொல்லலாம்.

இயற்பியல் வா.:
அது தறி நெசவு இல்லைங்கய்யா. ஆங்கில அகராதியிலயே அது தனித் தலைச்சொல், அங்க இங்க அசையறதுங்கற பொருள்ல வேற வேர்லேந்து வந்தது, எழுத்துக்கூட்டு மட்டும் ஒண்ணு. ஊடாட்டம் ஏற்கனவே கணினிக்காரங்க எடுத்துட்டுப் போயாச்சு. நெய்தல்னு போட்டா கடற்கரைல இரங்கற பாட்டுதான் ஞாபகம் வரும்.

ம.செ.:
இன்னிக்கு புதன். "வாலாட்டம்"னு என் மாணவன் ஒருத்தன் சொன்னான், எல்லாரும் சிரிச்சுட்டாங்க, நாயும் ஆட்டும், அடங்காத பையனும் ஆட்டுவான். "பின்னாட்டம்" யோசிச்சேன், தனிக்குறில் முன் ஒற்று இரட்டி இலக்கணமும் சரியாத்தான் வருது, ஆனா டைப் அடிச்சவர் அதையே பின்னூட்டம்னு திருத்திக் குடுத்துட்டார், தப்பா அடிச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டு. இப்ப பட்டறைக்காரர் சொன்ன அலையுதுவையும் வா. சொன்ன அலைவையும் சேத்து "பின்னலைவு"ன்னு வெச்சா? வாபிளுக்கு "கைப்பிடி நடுக்கம்".

நல்லூரான்:
பின்னலைவு எண்டதை முதல் பார்வையில பின்னல் எண்டுதான் வாசிச்சன். புலவருக்குச் சந்தோசமா இருக்கும், நெசவு திரும்பி வந்திட்டுது. எண்டாலும் என்ர வாக்கு தளம்பலுக்குத்தான்.

இயற்பியல் வா.:
எனக்கு வேற சங்கடம். வீவ் பின்பக்கத்து அலைவு மட்டும் இல்லை, வண்டி திரும்புறது, சாயறது, ஹேண்டில் அசையறது மூணும் சேந்ததுதான். ஓட்றவங்களுக்கு சீட்டுக்கு அடியில தெரியறதால பின்னாடின்னு சொல்றோம், அவ்வளவுதான். "பின்"னு பேர்லயே எழுதிட்டா முன் டயரால வர்ற வீவை எங்க போய்த் தேடுவாங்க? கோன் செட் இறுகினாலும் அலையும்னு முதல் மடல்லயே நீங்க எழுதியிருக்கீங்களே. இத்தனை நேரம் வாப்ளிங்ங்கற பேர் முன்பக்கம் இழுக்குதுன்னு குறை சொன்னோம், இது பின்பக்கம் இழுக்கும். எனக்கும் தளம்பல்தான் சரின்னு படுது.

ஒருங்கிணைப்பாளர்:
எண்ணிப் பாத்ததுல பின்னலைவுக்கு ஆறு, தளம்பலுக்கு நாலு, அலமரலுக்கு ஒண்ணு. "மோட்டார் சைக்கிள்னு எழுதாதே, விசையுந்துன்னு எழுது" அப்படின்னு மட்டும் வந்த மூணு மடல்களை எந்தக் கணக்குல சேக்கறதுன்னு தெரியல, அதுக்கு தனி இழை தொடங்குங்க.

ம.செ.:
நன்றி. கையேட்டுல பின்னலைவுன்னு போடறேன், முதல் தடவை வர்ற இடத்துல "தளம்பல் என்றும் சொல்வர், ஆங்கிலத்தில் வீவ்"னு சேத்துடறேன். வா. சொன்னது நியாயம், அதனால விளக்கத்துல "முன்பக்கக் கோளாறாலும் வரலாம்"னு ஒரு வரி. அதுக்கு மேல பக்கத்துல இடம் இல்லை.

புலவர் ந.:
பெரும்பான்மைக்குத் தலைவணங்கறேன், ஒப்புக்கொள்ளல. விதிர்ப்பையாவது காப்பாத்துங்க, வளைவுல டயர் நொடிக்கு இருபது தடவை துடிக்குமாமே சாட்டர்னு, அதுக்கு அதைவிட்டா வேற சொல் கிடையாது. ஞெகிழ் பத்தின மடல் நாளைக்கு வரும்.

கோவை பட்டறை:
டீச்சரம்மா, நீங்க தனியா அனுப்பின பக்கத்த இப்பத்தான் பாத்தனுங்க. அதுல "செயினை நன்கு இறுக்கவும்"னு இருக்குது, அத மட்டும் எடுத்துருங்க. இறுக்கி வெச்சா ஸ்விங் ஆர்ம் மேல ஏறறப்ப செயின் புடிச்சு நிறுத்திரும், அப்புறம் ஷாக் வேலையே செய்யாது, அதுவே அலைய வெக்கும். "அந்தந்த வண்டிக்குச் சொன்ன தளர்வு"ன்னு மாத்திப் போடுங்க.