வேலம்பாசியும் காசிமேட்டு மீனும்

தண்டையார்பேட்டை வீடு (குழு), வியாழன் இரவு

செல்வி: [வீடியோ]
செல்வி: வேலம்பாசி என்ற நீர்ச்செடியின் இலை, இன்று லேபில் மைக்ரோஸ்கோப் வழியாக எடுத்தது. பச்சைப் புள்ளிகள் நகர்வது தெரிகிறதா?

தம்பி: தண்ணீரில் மிதக்குதா அக்கா?

செல்வி: இல்லைடா. ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். அதற்குள் ஓரமாகவே சுற்றி வருகின்றன பார், அவைதான் இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகங்கள். முதல் 20 நிமிடம் ஒன்றுமே அசையவில்லை. ஏசி அறையில் இருந்த தொட்டித் தண்ணீர், சில்லென்று இருந்தது. விளக்குச் சூடு பட்டுப் பட்டு, நடு நரம்புப் பக்கம் ஒரு புள்ளி லேசாக நகர்ந்தது. கத்தியே விட்டேன்.

அம்மா: சாப்பிட்டாயா?

செல்வி: ஆச்சும்மா.

மாமா: உள்ளே யார் தள்ளுவது?

செல்வி: செல்லுக்குள் ஆக்டின் என்று கயிறு மாதிரி இழைகள் ஓடுகின்றன மாமா, ஒன்று 7 நானோமீட்டர் தடிமன்தான். மயோசின் என்ற புரதம் சுமையைக் கட்டிக்கொண்டு அதன் மேல் நடக்கும். அந்த இழுப்பில் சுற்றியிருக்கும் கூழும் சேர்ந்து ஓடும்.

மாமா: ஹார்பர் ட்ரெய்லர் மாதிரி.

செல்வி: நம் உடம்பில் ட்ரெய்லர் ஓடும் ரோடு வேறு. மைக்ரோடியூபுல் என்று 25 நானோமீட்டர் தடிமனில் இருக்கும். கைனசின், டைனீன் என்ற சுமை தூக்கும் புரதங்கள் அதில் தூரம் ஓடும். செல்லின் ஓரத்துக்கு வந்ததும் சரக்கை மயோசின் வாங்கிக்கொள்ளும், சந்துக்குள் மீன்பாடி வண்டி போகிற மாதிரி. செடியில் தூரப் பயணமும் பெரும்பாலும் ஆக்டின் மேல்தான்.

தம்பி: நடக்க கால் இருக்கா?

செல்வி: மயோசின் 5 என்ற வகைக்கு இரண்டு இருக்கு. தலை என்று பெயர், செய்வது கால் வேலை. பின்னால் இருப்பது தாண்டி முன்னால் விழும். ஒரு எட்டு 36 நானோமீட்டர், அதற்கு ஒரு ஏடிபி செலவு.

அத்தை: ஏடிபி என்ன கண்ணு?

செல்வி: செல்லோட எரிபொருள் அத்தை. அது வந்து ஒட்டினால்தான் மயோசின் பிடியையே விடும். இல்லையென்றால் பிடித்தது பிடித்தபடி நிற்கும். உங்களுக்கு இது தெரியும், மீனை நினைத்துப் பாருங்கள்.

அத்தை: விறைப்பைச் சொல்கிறாயா? பிடித்த கையோடு வளையும். அப்புறம் கட்டை மாதிரி ஆகிவிடும். நாள் ஆக ஆகத் தளர்ந்து போகும்.

செல்வி: அதேதான்! செத்த பிறகு தசையில் ஏடிபி தீர்ந்துவிடும். மயோசின் ஆக்டினை விட முடியாமல் பிடித்துக்கொண்டே நிற்கும். அதுதான் கட்டை. பிறகு தளர்வது பிடி விட்டதால் இல்லை, புரதமே சிதையத் தொடங்குவதால்.

அத்தை: 30 வருஷமா விரலால் அழுத்திப் பார்த்து வாங்குகிறேன். உள்ளே இவ்வளவு நடக்குதா!

மாமா: தசையில் இருப்பதும் பாசியில் இருப்பதும் ஒன்றேவா?

செல்வி: ஒரே குடும்பம், வகை வேறு. 1983இல் ஷீட்ஸ், ஸ்பூடிச் என்ற இருவர் நிட்டெல்லா பாசியின் செல்லை வெட்டித் திறந்தார்கள். உள்ளே இருந்த ஆக்டின் கயிறுகள் மேல், மயோசின் பூசிய குட்டி மணிகளை விட்டார்கள். ஏடிபி இருந்தபோது மணிகள் வரிசை பிடித்து ஓடின! எனக்கு அந்தப் பரிசோதனை அவ்வளவு பிடிக்கும்.

அத்தை: காலையில் 4 மணிக்கு ஹார்பருக்கு வா. ஒரு சங்கராவைத் தனியாக எடுத்து வைக்கிறேன், விறைக்க விறைக்கத் தொட்டுப் பார்.

செல்வி: வருகிறேன் அத்தை. தம்பியையும் எழுப்பிக் கூட்டி வருகிறேன்.