பகைவனின் கழுதை: மிஷ்பாத்தீம் பகுதியில் எழுந்த ஓர் ஐயம்

கேள்வி

யூதர்கள் ஓய்வுநாள்தோறும் தங்கள் ஜெப ஆலயங்களில் வாசிக்கும் தோராவின் (மோசேயின் ஐந்து ஆகமங்களின்) பகுதிகளை அதே வரிசையில் நானும் வாசித்து வருகிறேன். ஐந்து ஆகமங்களும் 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ள இந்த வரிசையில், பத்துக் கட்டளைகள் அருளப்படும் 'யித்ரோ' பகுதிக்கு அடுத்ததாக 'மிஷ்பாத்தீம்' வருகிறது. இடியும் மின்னலும் எக்காள முழக்கமுமாக இருந்த சீனாய் மலையை விட்டு, முட்டுகிற மாடு, மூடாமல் விட்ட குழி, அடகாக வாங்கிய மேலாடை என்று ஊர் வழக்குகளுக்குள் வந்துவிடுகிறோம். அதுவே எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் என் ஐயம் யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்தின் 4, 5 வசனங்களைப் பற்றியது.

பகைவனின் மாடோ கழுதையோ வழிதப்பித் திரிந்தால் அதை அவனிடமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றும், நம்மைப் பகைக்கிறவனின் கழுதை சுமையின்கீழ் விழுந்து கிடந்தால் விட்டுப் போகாமல் அவனுக்கு உதவ வேண்டும் என்றும் அவை விதிக்கின்றன. லேவியராகமம் 19:17 சகோதரனை உள்ளத்தில் பகைக்கவே கூடாது என்று தடுத்திருக்கும்போது, பகைவன் ஒருவன் இருப்பான் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டு பேசுவது எப்படி? மேலும், மனத்தில் வெறுப்பை வைத்துக்கொண்டு கையால் மட்டும் சுமையை இறக்கினால், அது கட்டளையை நிறைவேற்றியதாகுமா, வெறும் நடிப்பாகுமா? இந்த மரபை முறையாகக் கற்றவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1

மாட்டுக்கும் குழிக்கும் சீனாய் மலையோடு என்ன தொடர்பு என்பதற்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். மிஷ்பாத்தீமின் முதல் வசனத்திற்கு உரை எழுதிய யூத அறிஞர் ராஷி (1040–1105), முந்தைய கட்டளைகள் சீனாயிலிருந்து வந்தவை என்பது போலவே இவையும் சீனாயிலிருந்து வந்தவையே என்ற பழைய விளக்கத்தை எடுத்துத் தருகிறார். மரபு எண்ணும் 613 கட்டளைகளில் 53 இந்த ஒரு பகுதிக்குள் இருப்பதாகக் கணக்கிடுவர். அயலான் இடறி விழாதபடி குழியை மூடுவதும் வழிபாட்டைச் சேர்ந்ததே என்பதுதான் அந்த வைப்புமுறையின் கருத்து என நான் எண்ணுகிறேன். கழுதையைப் பற்றி நன்கு அறிந்தவர்கள் எழுதட்டும்.

மறுமொழி 2

நண்பரே, தாங்கள் கேட்ட முதல் கேள்வியை, யூதச் சான்றோரின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதே கேட்டிருக்கிறது. அதன் பெசாகிம் என்னும் நூலின் 113-ஆம் ஏட்டில், பகைப்பதற்கு அனுமதி உண்டா, உள்ளத்தில் பகையாதே என்று எழுதியிருக்கிறதே என வினவி, ஒருவன் குற்றம் செய்ததைத் தனியொருவன் மட்டும் கண்ட நிலையைச் சான்றோர் எடுத்துக்காட்டுகின்றனர். இரண்டு சாட்சிகள் இல்லாததால் அவனை நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்ல இயலாது. கண்டதைக் காணாததுபோல் இருக்கவும் இயலாது. ஆக, அங்கே பேசப்படும் வெறுப்பு வெறும் மனக்கசப்பு அன்று, காரணமுள்ள வெறுப்பு. அத்தகையவனின் கழுதைக்கும் உதவியே ஆக வேண்டும் என்றால், நிலத் தகராறிலோ வாய்ச்சண்டையிலோ முளைத்த பகைக்கு என்ன சாக்குச் சொல்ல முடியும்?

இரண்டாவது கேள்விக்கான விடை தல்மூதின் பாவா மெட்ஸியா என்னும் நூலின் 32-ஆம் ஏட்டில் இருக்கிறது. விழுந்து கிடக்கும் விலங்கின் சுமையை இறக்குவது ஒரு கடமை. இறங்கிய சுமையை மீண்டும் ஏற்றுவது மற்றொரு கடமை. இரண்டும் ஒரே நேரத்தில் எதிர்ப்பட்டால், விலங்கு வேதனைப்படுவதால் இறக்குவதே முதலில் வரும். ஆனால் இறக்க வேண்டியது நண்பனின் கழுதையாகவும் ஏற்ற வேண்டியது பகைவனின் கழுதையாகவும் இருந்தால், பகைவனிடமே முதலில் செல்ல வேண்டும் என்கிறது தல்மூத். அவ்வாறாயின் விலங்கின் துன்பம் என்னாவது என்ற எதிர்வாதத்தையும் அதுவே எழுப்பி, அப்படியிருந்தாலும் தன் மன உந்துதலை அடக்குவதே மேல் என்று முடிக்கிறது. வெறுப்பு இருக்கும்போது உதவுவது நடிப்பாகாது என்பது மட்டுமன்று, வெறுப்பு இருப்பதனாலேயே அந்த உதவிக்கு முன்னுரிமை கிடைக்கிறது என்பது இதனால் விளங்கும்.

தோராவுக்கான பழைய விளக்கத் தொகுப்பான மித்ராஷ் தன்குமா, மிஷ்பாத்தீம் பகுதியின் தொடக்கத்திலேயே ஒரு கதை சொல்கிறது. ஒருவரையொருவர் வெறுத்த இரண்டு கழுதையோட்டிகளில் ஒருவனுடைய கழுதை வழியில் படுத்துவிட்டது. மற்றவன் அதைப் பார்த்துவிட்டுக் கடந்து சென்றான். சென்றபின் தோராவில் எழுதியிருப்பது நினைவுக்கு வரவே திரும்பி வந்து கை கொடுத்தான். 'இங்கே கொஞ்சம் தளர்த்து, அங்கே தூக்கு' என்று பேச்சு தொடங்கியது. இவன் என்னை வெறுப்பவன் என்றல்லவா எண்ணியிருந்தேன், என்மேல் எவ்வளவு இரக்கம் காட்டுகிறான் என்று கழுதைக்காரன் நினைத்தான். பிறகு இருவரும் ஒரு விடுதிக்குள் சென்று ஒன்றாக உண்டு குடித்து நட்பாயினர். நான் கவனித்தது என்னவென்றால், இக்கதையில் மனம் மாறியதாகச் சொல்லப்படுபவன் உதவி பெற்றவனே. உதவியவன் எழுதப்பட்டிருப்பதை நினைத்துத் திரும்பினான் என்பதற்கு மேல் அவன் மனத்தைப் பற்றிக் கதை ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் முதலில் பேசிக்கொண்டதும் கயிற்றையும் மூட்டையையும் பற்றித்தானே தவிர, பழைய சண்டையைப் பற்றி அன்று.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. கதையின் அந்த நுட்பத்தை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஆனால் வேறொரு தயக்கம் எழுகிறது. கட்டளைக்குக் கட்டுப்பட்டவன் எப்படியும் உதவுவான் என்பதை அறிந்த பகைவன், அதையே சாதகமாக்கிக்கொள்ள மாட்டானா? உதவுபவனுக்கு எல்லையே இல்லையா?

மறுமொழி 2 எழுதியவர்

எல்லைகளை, தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா கறாராகவே வகுத்திருக்கிறது. உரிமையாளன் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, 'கட்டளை உனக்குத்தானே, இறக்க விரும்பினால் இறக்கு' என்று சொன்னால், உதவ வேண்டிய கடமை நீங்கிவிடும். ஏனெனில் வசனம் 'அவனோடுகூட' உதவச் சொல்கிறது. அவன் முதியவனாகவோ நோயாளியாகவோ இருந்தால் மட்டும் தனியாகவே செய்தாக வேண்டும். விலங்கால் தாங்க முடியாத அளவுக்குச் சுமை ஏற்றியிருந்தால் உதவும் கடமை இல்லை என்பது கலிலேயரான ரபி யோசேயின் கருத்து. மறுபுறம், சுமையை இறக்கி ஏற்றியபின் கழுதை மறுபடியும் விழுந்தால், நான்கைந்து முறையானாலும் உதவத்தான் வேண்டும்.

கூலியும் பேசப்பட்டிருக்கிறது. சான்றோர் கருத்துப்படி இறக்குவதற்குக் கூலி இல்லை, ஏற்றுவதற்கு உண்டு. ரபி சிமெயோன் இரண்டுக்கும் கூலி கூடாது என்கிறார். எவ்வளவு தொலைவிலிருந்து கண்டால் கடமை தொடங்கும் என்பதைக்கூட ஒரு மைலின் ஏழரையில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 266 முழம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். இது நம் மைல் அன்று, 2,000 முழம் கொண்ட பழைய அளவு. இந்தத் துல்லியம் சிலருக்குச் சலிப்பூட்டலாம். எனக்கோ, நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விட்டுவிடாத சட்டத்தின் நேர்மை இதில்தான் தெரிகிறது.

மறுமொழி 3

மேலே எழுதியவரின் விளக்கம் சிறப்பானது. ஆயினும் தோரா கையின் செயலோடு நின்றுவிடுகிறது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். லேவியராகமம் 19:18 பழிவாங்குவதையும் வன்மம் வைத்திருப்பதையும் தனித்தனியாகத் தடுக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை தல்மூதின் யோமா என்னும் நூலின் 23-ஆம் ஏடு விளக்குகிறது. ஒருவன் அரிவாள் இரவல் கேட்கிறான், மற்றவன் மறுக்கிறான். மறுநாள் மறுத்தவன் வந்து கோடரி கேட்கும்போது, 'நீ தராததுபோல நானும் தரமாட்டேன்' என்றால் அது பழிவாங்கல். கேட்டதைக் கொடுத்துவிட்டு, 'இந்தா எடுத்துக்கொள், நான் உன்னைப்போல் இல்லை' என்றால் அதுவே வன்மம்.

இன்னா செய்தவர் நாணும்படி நன்மை செய்துவிட வேண்டும் என்ற அறிவுரையில் வளர்ந்த நமக்கு, இந்த இரண்டாவது எடுத்துக்காட்டு சற்றுத் திகைப்பூட்டும். பொருளைக் கொடுத்தாயிற்று, பிறகு என்ன குற்றம் என்று தோன்றும். கொடுத்த பொருளோடு ஒரு குத்தலையும் சேர்த்துக் கொடுத்தான் என்பதே குற்றம். ஆகவே சுமையை இறக்கும்போது, 'பார், நீயாக இருந்தால் செய்திருப்பாயா?' என்று கேட்பவன், ஒரு கட்டளையைக் காத்து மற்றொன்றை மீறுகிறான்.

யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் (1138–1204) தம் சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவின் ஒழுக்க விதிகளில் இன்னொரு நுட்பத்தைச் சுட்டுகிறார்: உள்ளத்தில் பகையாதே என்ற தடை, உள்ளே மறைத்து வைக்கும் பகையையே குறிக்கிறது. தீங்கிழைத்தவனைப் பகைத்துக்கொண்டு வாய் திறவாமல் இருக்கக் கூடாது. அவனிடம் சென்று, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க வேண்டும். தன் சகோதரன் அம்னோனோடு நன்மையும் பேசாமல் தீமையும் பேசாமல் இருந்த அப்சலோமை அவர் எதிர்மறைச் சான்றாகக் காட்டுகிறார்; அந்த மௌனம் அம்னோனின் கொலையில் முடிந்ததை அறிவோம். கேட்கும் முறையையும் அவர் வகுக்கிறார்: தனிமையில், மென்மையான சொற்களால், அவனுடைய நன்மைக்காகவே கேட்பதாக உணர்த்திக் கேட்க வேண்டும், பலர் முன்னிலையில் அவனை நாணச் செய்யக் கூடாது.

கேள்வி கேட்டவர்

ஆகவே கழுதையிடம் செல்வது ஒன்று, கழுதைக்காரனிடம் பேசுவது மற்றொன்று. இரண்டும் தனித்தனிக் கடமைகள் என்று புரிந்துகொள்கிறேன். ஒன்றை மற்றொன்றுக்கு விலையாக வைக்க முடியாது. இவ்வசனங்களை அடுத்து எந்தப் பகுதிகளோடு சேர்த்து வாசிக்கலாம்?

மறுமொழி 3 எழுதியவர்

லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் 'கெதோஷீம்' பகுதியில் வரும். யூத நாட்காட்டியில் கூடுதல் மாதம் சேராத சாதாரண ஆண்டுகளில் அதை 'அகாரெய் மோத்' பகுதியோடு இணைத்து ஒரே வாரத்தில் வாசித்துவிடுவதால், அவசரமாகக் கடந்துபோக நேரும். அந்த ஒரு அதிகாரத்தைத் தனியாக எடுத்து நிதானமாக வாசியுங்கள். இதே கழுதை உபாகமம் 22:4-இல் பகைவனுடையதாக அன்றிச் சகோதரனுடையதாக மீண்டும் வருகிறது. அது ஏலூல் மாதத்தில் வாசிக்கப்படும் 'கீ தேத்சே' பகுதி. 74 கட்டளைகள் அதில் அடங்கியிருப்பதாகக் கணக்கிடுவதால் அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.