கேஎல் பழைய ரயில் நிலையம்: வெள்ளையடித்தால் போதுமா?

செந்தூல்காரன் கேட்டது:

வணக்கம். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. கேஎல் (கோலாலம்பூர்) பழைய ரயில் நிலையத்தைச் சீரமைக்க வேண்டும் என்று யாரோ எழுதப் போக, என் மச்சான் "நல்லா வெள்ளையடிச்சு, ராத்திரியில லைட்டு போட்டு, உள்ள ரெண்டு காப்பிக் கடை வச்சா முடிஞ்சது, இதுக்கு எதுக்கு வருஷக்கணக்கு?" என்றார். பாதிப் பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். எனக்கு என்னமோ இடிக்கிறது, ஆனால் திருப்பிச் சொல்ல விஷயம் கையில் இல்லை.

இளசுகளுக்காக ஒரு வரி: தேசியப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் குடை குடையாகக் கோபுரங்களோடு நிற்கிறதே, அதுதான். 1910-இல் கட்டி முடித்தது. வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக், மஸ்ஜிட் ஜாமெக்கும் ஈப்போ நிலையமும் அவர் கைதான். 2001-இல் கேஎல் சென்ட்ரல் திறந்த பிறகு கூட்டமெல்லாம் அங்கே போய்விட்டது, இங்கே பெரும்பாலும் கம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் ஏறி இறங்குகிறவர்கள்தான். சின்ன வயதில் தைப்பூசத்துக்குப் பினாங்கு போக, ராத்திரி மெயிலுக்காக அந்த மேடையில் துணி மூட்டைமேல் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன். அப்பா எழுப்பும்போது மேலே பார்த்தால் இரும்புக் கூரைதான் தெரியும்.

கேள்வி இதுதான். பிரிக்ஃபீல்ட்ஸில் என் சித்தப்பா வைத்திருக்கும் பழைய கடைவீட்டில் தீபாவளிக்குப் பெயிண்ட் அடித்தால் பொங்கலுக்குள் கீழ்ச்சுவர் கொப்பளித்துக்கொண்டு வருகிறது. நிலையமும் அதே காலத்துச் செங்கல்தானே? அங்கேயும் வெள்ளையடித்தால் இதே கதைதானா? அப்புறம், உள்ளே என்ன வைக்கலாம்?

பினாங்கு_பூச்சுவேலை எழுதியது:

தம்பி, உங்கள் சித்தப்பா வீட்டில் பெயிண்ட்மேல் தப்பில்லை, அதற்கு அடியில் இருப்பதுதான் தப்பு. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் இருபது வருஷமாகப் பூச்சு வேலை எடுத்துச் செய்கிறேன், பாதி வேலை முன்னே யாரோ "ரிப்பேர்" பண்ணியதைப் பிரித்தெடுப்பதுதான்.

அந்தக் காலத்துச் சுவரில் செங்கலைப் பிடித்திருப்பது சுண்ணாம்பு, மேலே பூசியதும் சுண்ணாம்பு. நம் ஊர் மண் எப்போதும் ஈரம், செங்கல் திரி மாதிரி தண்ணீரை மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், அதனால் ஏறிய ஈரம் அப்படியே காற்றோடு போய்விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி, பிளாஸ்டிக் பெயிண்டையும் அடித்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை. வழியில்லாததால் இன்னும் மேலே ஏறும், கூடவே உப்பையும் கொண்டுபோகும். அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் காய்ந்து கல்லாகும்போது பெருக்கும், பெருத்தால் பூச்சைத் தள்ளும். நீங்கள் பார்த்த கொப்பளம் அதுதான். சித்தப்பா வீட்டுச் சுவரை ஓரமாகச் சுரண்டிப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் சிமெண்ட், வெள்ளையாக மாவு மாதிரி உதிர்ந்தால் சுண்ணாம்பு.

நிலையத்துச் சுவரில் எங்கே எது பூசியிருக்கிறது என்று தட்டிப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். 1986-லும் ஒரு தடவை பெரிய புதுப்பிப்பு நடந்தது, அதனால் ஒவ்வொரு சுவரையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஆனால் வேலையின் வரிசை எங்கேயும் ஒன்றுதான். முதலில் கூரை, பீலி, மழைநீர்க் குழாய். மேலே ஒழுகும்போது கீழே பூசுவது காசைக் கரியாக்குகிற வேலை. அப்புறம் சிமெண்டையும் பிளாஸ்டிக் பெயிண்டையும் உரித்து, காகிதக் கூழைச் சுவரில் அப்பி உப்பை உறிஞ்சி எடுக்க வேண்டும், ஒரு தடவையில் தீராது. கடைசியில்தான் சுண்ணாம்பு, அதுவும் வாரக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு. செட்டிநாட்டில் கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்துக் கண்ணாடி மாதிரி தேய்ப்பார்களே, அந்தக் குடும்பத்து வேலைதான் இதுவும். அவசரப்பட்டால் வெடிக்கும். உங்கள் மச்சான் கேட்ட வருஷக்கணக்கு இதற்குத்தான் போகிறது.

ஸ்டேஷன்மாஸ்டர்_பேத்தி எழுதியது:

பூச்சு எனக்குத் தெரியாது, உள்ளே என்ன வைக்கலாம் என்பதற்கு வருகிறேன். காப்பிக் கடை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் காப்பி பிடிக்கும். ஆனால் அங்கே போகிறவர்களுக்கு ஹப்பாக் பெயரும் குவிமாடக் கணக்கும் மட்டும் சொல்லி அனுப்புவதுதான் எரிச்சல். கூரை பனியைத் தாங்கணும் என்று லண்டனில் கேட்டார்கள் என்று ஒரு கதை உண்டே, எல்லாச் சுற்றுலா வழிகாட்டியும் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். தண்டவாளம் போட்டவன் கதையை யாரும் சொல்வதில்லை. இந்த நாட்டின் முதல் ரயில் பாதை, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, 1885-இல் திறந்தது. அதைப் போட்டவர்கள் சிலோனிலிருந்து வந்த பயனியர் படைக்காரர்கள். அப்புறம் கேங் கூலி (தண்டவாள வேலைக்காரர்), பாயின்ட்ஸ்மேன் (தண்டவாளம் மாற்றிவிடுகிறவர்), ஃபயர்மேன் (எஞ்சினுக்குக் கரி போடுகிறவர்) என்று தமிழ்நாட்டுக்காரர்கள், கிராணி (குமாஸ்தா), ஸ்டேஷன் மாஸ்டர் என்று எங்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். (இந்த இரண்டு கூட்டமும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடாத காலமும் உண்டு, அதையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.) ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் நூறு குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், செந்தூல் ரயில் பட்டறையும் மூடியாச்சு. மிச்சம் இருக்கிற பெரிய கட்டடங்களில் இதுவும் ஒன்று, ஒரு அறையாவது அந்த ஆட்களுக்கு வேண்டாமா? தாத்தாவின் பச்சைக் கொடி, விசில் எல்லாம் என் அலமாரியில் தூங்குகிறது. கேட்டால் நாளைக்கே கொடுப்பேன்.

கம்யூட்டர்_தினமும் எழுதியது:

நான் தினம் அங்கே இறங்கி பாசார் செனிக்கு நடக்கிறவன். அறை, அருங்காட்சியகம் எல்லாம் சரி, வண்டி நிற்கணும், அது முதல் விஷயம். வண்டி நிற்காத நிலையம் வெறும் கல்யாண மண்டபம்தான்.

இன்னொன்றை யாரும் யோசிக்கவில்லை. தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி போகிறது. மேடைப் பக்கம் சாரம் கட்ட வேண்டுமென்றால் கடைசி வண்டி போய் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான், விடிவதற்குள் எல்லாம் இறங்கியாக வேண்டும். ஒரு ராத்திரிக்கு மூன்று நாலு மணி நேரம் கிடைத்தால் பெரிசு. இதை மச்சானிடம் சொல்லுங்கள்.

செந்தூல்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, குழுவில் அப்படியே ஒட்டிவிட்டேன். மச்சான் இன்னும் நீல டிக்கோடு உட்கார்ந்திருக்கிறார். நேற்று சித்தப்பா வீட்டுச் சுவரைச் சாவியால் சுரண்டினேன், சாம்பல் நிறம், சாவிதான் வளைந்தது. அண்ணே, இதை முழுசாக உரிக்க வேண்டுமா, கீழ்ப்பாதி போதுமா?

பினாங்கு_பூச்சுவேலை எழுதியது:

ஈரம் ஏறிய கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு முழம் விட்டு உரித்தால் போதும். ஆனால் உடனே பூசாதீர்கள், சில மாதம் செங்கல் அப்படியே காயட்டும். சித்தப்பாவிடம் இந்தத் தீபாவளிக்குப் பெயிண்ட் கிடையாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். திட்டுவார்.