கண்டாங்கிச் சேலைக் கட்டத்துக்கு ஜேபெக்கோட 4:2:0 நிறக் குறைப்பு சரிப்படுதா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

காரைக்குடிக்காரன்:
இங்க ஒரு கண்டாங்கிச் சேலைக் கடைக்கு வெப்சைட் பண்றேன். பைத்தான்ல பில்லோங்கிற பட லைப்ரரி வச்சு ஜேபெக் ஆக்குறப்ப நாம எதுவும் சொல்லலைன்னா 4:2:0-லதான் சேவ் ஆகும். அதாவது வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனி. நிறம் மட்டும் நாலு பிக்சலுக்கு ஒண்ணு. அதுலயே டேட்டா பாதியாயிடும். ஃபைல் பாதியாகாது, நிறப் பகுதி எப்படியும் நல்லாச் சுருங்குறதுதான்.

விரிச்சுப் போட்டு தூரத்துல எடுத்த படத்துக்கு இது போதும். க்ளோசப்லதான் வினை. அரக்குச் சிவப்பும் கறுப்பும் ஒட்டி ஓடுற மெல்லிய கோடு, சாயம் இறங்கின துணி மாதிரி ஆயிடுது. வெளிச்சக் கணக்குல பச்சைக்கு 0.587 பங்கு, சிவப்புக்கு வெறும் 0.299. அதனால அடர் சிவப்பையும் கறுப்பையும் பிரிச்சுக் காட்டுறதே பெரும்பாலும் நிறம்தான். நாம கை வைக்கிறதும் அதுலதான். க்ளோசப்புக்கு மட்டும் சப்சாம்ப்ளிங்=0 (நிறத்தைக் குறைக்காத 4:4:4) போட்டு, ஃபைல் பருக்காம இருக்க குவாலிட்டியைக் கொஞ்சம் இறக்கினேன். சேலை வாங்குறவங்க நூலைப் பார்க்காம வேறெதைப் பார்ப்பாங்க?

வளவுவீட்டுப் பையன்:
அண்ணே, நமக்கு கானாடுகாத்தான் பக்கம் ஒரு தங்கும் விடுதி சைட். முகப்பு, தேக்குத் தூண், வெள்ளைப் பூச்சுச் சுவர் எல்லாம் 4:2:0. பெரிசாக்கிப் பார்த்தும் வித்தியாசம் பிடிபடலை. ஆத்தங்குடித் தரைகூட தாங்குது, பூவெல்லாம் அகலம்ல. கறுப்புல சிவப்பெழுத்துப் போட்ட பேனர்தான் ஓரமெல்லாம் கலங்கிப்போச்சு. அதை எஸ்விஜி (பிக்சல் இல்லாம கோடா வரையுற ஃபார்மட்) ஆக்கிட்டேன். எழுத்தை ஜேபெக்ல போடுறதே வேண்டாத வேலை.

தேவகோட்டை ரஸ்தா:
ஜேபெக்கை விட்டு வெப்பீ (WebP) ஃபார்மட்டுக்கு மாறலாம்னு கிளம்புறவங்க கவனிங்க. லாஸி (தகவலைக் கொஞ்சம் விட்டுச் சுருக்குற) வெப்பீ எப்பவுமே 4:2:0தான், 4:4:4 கேட்டாலும் கிடைக்காது. நோட்.ஜேஎஸ்ல ஷார்ப்ங்கிற பட லைப்ரரி வச்சிருந்தா ஸ்மார்ட்சப்சாம்பிள்ங்கிற செட்டிங்கை ட்ரூ ஆக்குங்க, சிவப்போரம் ஓரளவு தேறும். ஏவிஐஎஃப் (AVIF) ஃபார்மட்ல அந்தத் தொல்லை இல்லை, ஷார்ப்ல அதுக்கு 4:4:4தான் டீஃபால்ட். என்கோட் ஆகத்தான் நேரம் பிடிக்கும்.

இன்னொண்ணு. இமேஜ்மேஜிக்ங்கிற பட டூல்ல ஜேபெக் குவாலிட்டி 90-ஐத் தொட்டா நிறக் குறைப்பை அதுவே நிறுத்திடும். இங்க ஒரு ஆச்சியோட பலகாரக் கடைக்கு 89-லேருந்து 90 ஆக்கினதும் படமெல்லாம் ஒரேயடியா பருத்துப்போச்சு. சாம்ப்ளிங் ஃபேக்டர் 4:2:0னு கமாண்ட்லயே எழுதினதும் இறங்கிடுச்சு. சீடைக்கும் மாவுருண்டைக்கும் அது தாராளம்.